ஊசியும் பயிற்சியும்: இளம் வீரர்களின் காயத்துக்கு எது முதல், எது துணை?

விளையாடுகிற பிள்ளைக்குக் கால் பிசகினால் முன்பெல்லாம் சுளுக்கு வழிப்பவரிடம் அழைத்துப் போவார்கள். எலும்பில் அடி என்றால் கட்டுப் போடுகிறவரிடம். இன்று பெற்றோர் காதில் அடிக்கடி விழும் பெயர்கள் அக்குபங்சரும் பிசியோதெரபியும். இரண்டிலும் மாத்திரை இல்லை, அறுவை இல்லை. "பத்து சிட்டிங் வரச் சொன்னார்கள்" என்ற பேச்சும் இரண்டுக்கும் பொது. அதனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. "பிசியோ பார்த்தோம், சரிப்படவில்லை, இனி அக்குபங்சர்தான்" என்று ஒரு வீட்டில் முடிவு செய்கிறார்கள். "நாலு நாள் ஊசி குத்தியதில் வலியே இல்லை, இனிப் பயிற்சி எதற்கு?" என்று இன்னொரு வீட்டில் கேட்கிறார்கள்.

இரண்டு வீட்டிலும் நடப்பது ஒரே தவறு. வலியைக் குறைப்பது ஒரு வேலை. காயம்பட்ட கால் மறுபடி ஓட்டத்தையும் குதியையும் திடீர்த் திருப்பத்தையும் தாங்கும்படி செய்வது வேறொரு வேலை. முதல் வேலையில் ஊசிக்கு ஓரளவு இடம் உண்டு. இரண்டாவது வேலை பயிற்சியால் மட்டுமே ஆகும். பெரியவர்கள் இந்த வேறுபாட்டை மறந்தால் சில மாதங்கள் வீணாகலாம். வளரும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய இழப்பு வரலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியம் அதனால்தான் எழுகிறது.

ஒரு வரையறை. பிசியோதெரபி என்ற பெயரில் நம் ஊரில் கரண்ட் வைப்பது, மெழுகு ஒத்தடம், அல்ட்ராசவுண்ட் எல்லாம் நடக்கின்றன. இங்கே ஒப்பிடுவது அதன் உயிரான பயிற்சி சிகிச்சையை மட்டும்.

எங்கிருந்து வந்தவை

அக்குபங்சரின் மூல நூலாகக் கருதப்படும் 'ஹுவாங்தி நெய்ஜிங்' சீனாவில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்டது. உடலில் 'சீ' என்ற உயிராற்றல் தடங்களின் வழியே ஓடுகிறது, அது தடைப்பட்டால் நோயும் வலியும் வருகின்றன, தடத்திலுள்ள புள்ளிகளைத் தூண்டினால் ஓட்டம் சீராகும் என்பது அதன் அடிப்படை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வரையறையில் இத்தகைய புள்ளிகள் 361. மேலை நாடுகளில் இதற்குப் பெரும் கவனம் கிடைத்தது 1971இல். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீஜிங்கில் குடல்வால் அறுவைக்கு ஆளானார். அறுவைக்குப் பின் வந்த வயிற்று வேதனைக்கு ஊசி குத்தி நிவாரணம் அளித்ததைத் தம் இதழில் எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குப் போனார். ஆய்வுக்கூடங்களின் பார்வை ஊசியின் பக்கம் திரும்பியது.

பயிற்சி சிகிச்சைக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இல்லை. ஸ்வீடனில் பெர் ஹென்ரிக் லிங் 1813இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய உடற்பயிற்சி நிலையம் அதன் தொடக்கங்களில் ஒன்று. பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. சிகாகோ ராணுவ மருத்துவமனையில் முழங்கால் காயத்தோடு படுத்திருந்த வீரர்கள் மாதக்கணக்கில் தேறவில்லை. ஓய்வும் இலேசான அசைவுமே அன்றைய சிகிச்சை. தாமஸ் டிலோர்ம் என்ற இளம் மருத்துவர் சிறுவயதில் தமக்கு வந்த நோயிலிருந்து எடை தூக்கித் தேறியவர். அதே வழியில் வீரர்களுக்கும் எடையைப் படிப்படியாகக் கூட்டிக் கால் பயிற்சி கொடுத்தார். 1945இல் அவர் எழுதிய கட்டுரை, காயம்பட்ட தசையை ஓய்வு மட்டும் தேற்றாது, அளவான பாரம்தான் தேற்றும் என்ற கருத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது.

ஒன்று, உடலுக்குள் தடைப்பட்ட ஓட்டத்தைத் திறக்க வெளியிலிருந்து தூண்டுகிறது. மற்றது, உடலைத் தானே உழைக்கவைத்து வலுவேற்றுகிறது. ஒன்றில் நோயாளி படுத்திருக்கிறார். மற்றதில் வியர்க்கிறார். பின்னால் வரும் வேறுபாடுகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

ஒரே சுளுக்கு, இரண்டு கைகள்

இளம் வீரர்களிடம் மிகுதியாகக் காணப்படும் காயங்களில் ஒன்று கணுக்கால் சுளுக்கு. கூடைப்பந்தில் குதித்து இன்னொருவர் காலின்மேல் இறங்கும்போதும், கபடியில் திரும்பும்போதும் பாதம் உட்பக்கமாக மடங்குகிறது. வெளிக்கணுவின் முன்னால் இருக்கும் இணைப்புநார் இழுபட்டு, நைந்து, சில நேரம் அறுந்தும் போகிறது.

அக்குபங்சர் நிபுணர் முதலில் தொட்டுப் பார்க்கிறார். முறையாகச் செய்பவர் தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, உறை பிரித்த புதிய ஊசியை எடுப்பார். கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஊசி அது. மருந்து ஏற்றும் ஊசியைப் போலத் துளை கிடையாது. வெளிக்கணுவுக்குக் கீழே முன்பக்கப் பள்ளத்தில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் ஒன்று, சிலர் கையிலும் ஒன்று என்று குத்துவார்கள். ஊசி இறங்கும்போது பெரிதாக வலிக்காது. சற்றே திருகும்போது உள்ளே ஒரு கனப்பும் மரமரப்பும் பரவும். சீன மரபு அந்த உணர்வையே ஊசி வேலை செய்வதன் அடையாளமாகக் கொள்கிறது. இருபது முப்பது நிமிடம் கழித்து ஊசியை எடுத்தால் கால் இலேசாகிவிட்டதாகப் பலரும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் ஊசியே இல்லாமல், நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொட்டு மட்டும் சிகிச்சை செய்பவர்களும் பலர். ஊசி அக்குபங்சரைப் பற்றி வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவை அப்படியே தொடு சிகிச்சைக்குப் பொருத்தக்கூடாது.

பிசியோதெரபிஸ்ட் முதல் சில நாள் காலைக் காப்பாற்றச் சொல்வார்: கட்டு, உயர்த்தி வைத்தல், தாங்கும் அளவுக்கு மட்டும் ஊன்றுதல். பிறகு பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். பிறகு ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுத்தல். பாதம் உள்ளே மடங்காமல் பிடிப்பவை காலின் வெளிப்புறத் தசைகள். அவற்றுக்கு வலு வேண்டும். பிறகு இரு காலால் குதிகாலை உயர்த்துவது, அடுத்து ஒற்றைக் காலால். ஒற்றைக் காலில் முப்பது வினாடி நிற்பது, கண்ணை மூடி நிற்பது, தலையணையின்மேல் நிற்பது, நின்றபடியே பந்தைப் பிடித்து எறிவது. கடைசியாகக் குதிப்பதும் வளைந்து ஓடுவதும் சட்டென்று நிற்பதும்.

இந்த நிற்கும் பயிற்சி பார்க்க விளையாட்டுபோல இருக்கும். ஆனால் சிகிச்சையின் மையமே இங்கேதான். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் நரம்பு உணரிகள் இணைப்புநாரில் இருக்கின்றன. சுளுக்கில் நாரோடு அவையும் பாதிக்கப்படுகின்றன. வலி தீர்ந்த பிறகும் அந்த உணர்வு மழுங்கியே கிடக்கும். பாதம் மடங்கத் தொடங்குவது மூளைக்கு ஒரு நொடிப்பொழுது தாமதமாகத் தெரியும். மறுபடி சுளுக்கும். ஒரே காலில் மூன்று நான்கு முறை சுளுக்கு வாங்கிய பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளி அணியிலும் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வலி எப்படித் தணிகிறது, உறுப்பு எப்படித் தேறுகிறது

ஊசி ஏன் வலியைக் குறைக்கிறது என்பதற்கு இன்று சில விளக்கங்கள் உண்டு. 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிஞர்கள், வலிச்செய்தி முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குப் போகிறது, வேறு தொடு உணர்வுகளால் அந்த வாயிலை ஓரளவு மூட முடியும் என்றார்கள். 1970களில் வேறொரு தடயம் கிடைத்தது. அபினி வகை மருந்துகளை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் ஊசி தரும் நிவாரணமும் குறைந்தது. உடல் தானே சுரக்கும் வலிநீக்கிகளை ஊசி தூண்டுகிறது என்று இதிலிருந்து முடிவு செய்தார்கள். 2010இல் எலிகளிடம் நடந்த ஆய்வில் ஊசி குத்திய இடத்தில் அடினோசின் என்ற பொருள் கூடுவதும், அதை ஏற்கும் அமைப்பு இல்லாத எலிகளுக்கு நிவாரணம் கிடைக்காததும் தெரிந்தது.

ஆகவே ஊசியால் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் மேற்சொன்ன எல்லாமே வலிச்செய்தியைத் தணிக்கும் வழிகள். நைந்த நாரை வலுவாக்கும் வழி அவற்றில் இல்லை.

பயிற்சியின் வழி வேறு. தசைநாணும் எலும்பும் தசையும் தம்மேல் விழும் பாரத்தை உணரும் உயிருள்ள திசுக்கள். அளவான பாரம் விழுந்தால் செல்கள் புதிய கொலாஜன் இழைகளை உருவாக்கி, இழுவை வரும் திசையிலேயே அவற்றை அடுக்குகின்றன. பாரம் இல்லையென்றால் கட்டமைப்பு மெலிகிறது. அளவுக்கு மீறினால் நைகிறது. அந்த நடு அளவைக் கண்டுபிடிப்பதுதான் பிசியோதெரபிஸ்டின் திறமை.

ஸ்வீடன் மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை நல்ல எடுத்துக்காட்டு. குதிகால் நாண் வலியுள்ளவர் படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கவேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையுமாக நாளுக்கு 180 தடவை, 12 வாரம். அதுவரை அறுவைக்குக் காத்திருந்த நடுவயது ஓட்டக்காரர்கள் இந்த எளிய பயிற்சியால் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். இதிலுள்ள கடினம் உழைப்பு மட்டுமே. பயிற்சி சிகிச்சையின் பெருமையும் பலவீனமும் அதுவே. செய்தால் பலன், செய்யாவிட்டால் எதுவும் இல்லை.

சான்றுகள் என்ன சொல்கின்றன

அக்குபங்சரைச் சோதிப்பது எளிதன்று. மாத்திரைக்கு மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். ஊசிக்கு என்ன செய்வது? குத்துவதுபோலத் தொட்டுவிட்டுக் கைப்பிடிக்குள் உள்வாங்கிக்கொள்ளும் பாவனை ஊசியை 1998இல் ஜெர்மனியின் ஸ்ட்ரைட்பெர்கர் அறிமுகப்படுத்தினார். புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்துவது இன்னொரு வழி.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலியுள்ள 1,162 பெரியவர்களிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இரு தரப்பும் எடுத்துக்காட்டும் ஒன்று. ஆறு மாதம் கழித்து முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். பாவனை அக்குபங்சர் பெற்றவர்களில் 44.2 சதவீதம். மருந்து, பிசியோதெரபி, பயிற்சி அடங்கிய வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். அக்குபங்சர்காரர்கள் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் காட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் முதல் இரண்டை மட்டும் காட்டுவார்கள். மூன்றையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை. ஊசி குத்தும் சிகிச்சை முழுவதுமாகப் பார்த்தால் வலியைத் தணிக்கிறது. எந்தப் புள்ளியில் குத்துகிறோம் என்பது மரபு சொல்லும் அளவுக்கு முக்கியமாகத் தெரியவில்லை. 2018இல் 39 ஆய்வுகளின் 20,827 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே சித்திரம்தான் வந்தது: நாள்பட்ட வலியில் பாவனை ஊசியைவிட நிஜ ஊசி மேல், ஆனால் அந்த மேன்மை சிறியது.

இந்த ஆய்வுகள் எல்லாம் பெரியவர்களின் நாள்பட்ட வலியைப் பற்றியவை. 14 வயது ஓட்டக்காரரின் புதிய காயத்துக்கு இவற்றை நேராகப் பொருத்த முடியாது. கணுக்கால் சுளுக்கையே எடுத்துக்கொண்டால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் 20 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பெரும்பாலானவை சீனாவில் நடந்தவை, தரம் குறைந்தவை. அக்குபங்சர் பயன் தருகிறதா இல்லையா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

அதே சுளுக்குக்குப் பயிற்சியின் பக்கம் என்ன இருக்கிறது? நெதர்லாந்தில் 12 வயது முதல் 70 வயது வரையுள்ள 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு பாதிப்பேர் எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கு வந்தவர்கள் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம், செய்யாதவர்களில் 33 சதவீதம். கருவி ஏதுமில்லை, செலவில்லை. காயம் வருமுன் காப்பதிலும் பயிற்சியே முன்னால் நிற்கிறது. 7 முதல் 13 வயது வரையுள்ள கால்பந்துச் சிறாருக்கென ஃபிஃபா உருவாக்கிய வார்ம்-அப் பயிற்சியை நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோது காயங்கள் 48 சதவீதம் குறைந்தன. 2018இல் வெளிவந்த முடிவு அது.

பிசியோதெரபியின் பெயரால் நடப்பதெல்லாம் சான்றுள்ளவை என்றும் சொல்வதற்கில்லை. சுளுக்குக்கு அல்ட்ராசவுண்ட் வைப்பதால் பெரிய பயனில்லை என்று 2011இலேயே காக்ரேன் ஆய்வு காட்டிவிட்டது. பத்து நாளும் இயந்திரத்தை மட்டும் வைத்து அனுப்பும் பிசியோ நிலையத்துக்கும், ஊசியை மட்டும் குத்தி அனுப்பும் அக்குபங்சர் நிலையத்துக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் பிள்ளை படுத்தேதான் கிடக்கிறது.

வளரும் உடல் தரும் எச்சரிக்கை

பிள்ளைகளைச் சிறிய பெரியவர்களாக எண்ணக்கூடாது. அவர்களின் நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. பக்கத்திலுள்ள இணைப்புநாரைவிட அது வலுக்குறைந்தது. பெரியவருக்கு நார் கிழியும் அதே மடங்கலில் பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டு முறியலாம். வெளியே பார்த்தால் இரண்டும் வீக்கம்தான். கணுவெலும்பைத் தொட்டால் வலி, அல்லது நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். ஊசியோ ரப்பர் பட்டையோ அதற்குப் பிறகுதான்.

முழங்கால் இன்னும் தந்திரமானது. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேடு புடைத்து வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் நோயை 1903இல் பாஸ்டனில் ஆஸ்குட்டும் சூரிச்சில் ஷ்லாட்டரும் தனித்தனியே விவரித்தார்கள். வேகமாக உயரும் வயதில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வருவது. டென்மார்க்கில் 10 முதல் 14 வயது வரையுள்ள 51 பிள்ளைகளுக்கு, முதலில் ஆட்டத்தைக் குறைத்து, பிறகு தொடைத் தசைக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். 12 வாரத்தில் 80 சதவீதம் பேர் நன்கு தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் அப்போது முழுமையாக விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 16 சதவீதமே. ஓராண்டில்தான் அது 69 சதவீதம் ஆனது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு இது. என்றாலும், "தேறிவிட்டேன்" என்று பிள்ளை சொல்லும் நாளுக்கும் முழு ஆட்டம் ஆடும் நாளுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. வலி தணிந்ததையே அளவுகோலாகக் கொள்ளும் எந்தச் சிகிச்சையும் இந்த இடைவெளியில் பிள்ளையைத் தவறவிடும்.

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் நோய் ஒன்று உண்டு. பத்து முதல் பதினைந்து வயதையொட்டி வரும். நோய் இடுப்பில், வலி மட்டும் சில நேரம் முழங்காலில். முழங்காலைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டிருந்தாலும், முழங்காலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாலும் அந்த நழுவல் கூடிக்கொண்டே போகும். பதின்வயதில் வரும் எலும்புப் புற்றும் பெரும்பாலும் முழங்காலை ஒட்டியே தொடங்குகிறது. தூக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, ஓய்விலும் தணியாத வலி, காய்ச்சல், நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், நொண்டல் இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் போகவேண்டிய இடம் எலும்பு மருத்துவர். இந்த விஷயத்தில் ஊசிக்கும் பயிற்சிக்கும் ஒரே சட்டம்: நோய் இன்னதென்று தெரியுமுன் இரண்டுமே தொடங்கக்கூடாது.

லில்லியின் முதுகும் சென்னையும்

பாரத்தால் உடைந்ததைப் பாரத்தாலேயே தேற்றியதற்குக் கிரிக்கெட் உலகம் அறிந்த சான்று ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி. 1973இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தின்போது அவருடைய இடுப்பு முள்ளெலும்பில் விரிசல்கள் கண்டன. அப்போது அவருக்கு வயது 23. விளையாட்டு வாழ்க்கை முடிந்தது என்று பலரும் எண்ணினார்கள். வாரக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்தார். பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஃப்ராங்க் பைக் வகுத்த கடுமையான பயிற்சியால் முதுகையும் வயிற்றையும் வலுவாக்கினார். பந்து வீசும் முறையையும் மாற்றிக்கொண்டார். 1974–75 ஆஷஸ் தொடரில் 25 விக்கெட்டுகளோடு திரும்பி வந்தார். ஓய்வு பெற்றபோது அவருடைய 355 டெஸ்ட் விக்கெட்டுகள் உலக சாதனை.

அந்த லில்லிதான் 1987இல் சென்னையில் எம்ஆர்எஃப் வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையத்தின் இயக்குநராக வந்தார். இளம் பந்துவீச்சாளர்களின் உடல்வலுவும் முதுகைக் காக்கும் வீச்சுமுறையும் பயிற்சியின் பகுதி என்பதை நம் ஊரில் நிலைநாட்டியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. வேகப்பந்து வீசும் பதின்வயதினரின் இடுப்புவலியில், வீசும் கைக்கு எதிர்ப்புறத்து எலும்பில் விரிசல் இருக்கக்கூடும். இதற்கு ஓய்வு வேண்டும், எம்ஆர்ஐ வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இந்த நிலையில் ஊசியால் வலியைத் தணித்து மறுநாள் பந்து வீசவைப்பது விரிசலை முறிவாக்கும் வேலை. பயிற்சியையும் அவசரப்பட்டுத் தொடங்கினால் அதே கதிதான்.

எதில் என்ன ஆபத்து

முறையாகக் கற்றவர் கையில் அக்குபங்சர் பெரும்பாலும் பாதுகாப்பானது. பிரிட்டனில் 34,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளைக் கண்காணித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில் கடுமையான பாதிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. பிள்ளைகளைப் பற்றி அதுவரை வெளியான அறிக்கைகளை 2011இல் தொகுத்தபோது 279 பாதிப்புகள் கிடைத்தன. அவற்றில் 253 இலேசானவை: சிறு ரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி. 25 கடுமையானவை: கிருமித் தொற்றும் நுரையீரலில் துளையும் அவற்றில் அடக்கம்.

எண்ணிக்கையில் குறைவு என்பதால் இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு டோரின் யேட்டர்-வாலஸ் சாட்சி. அமெரிக்காவின் இளம் பனிச்சறுக்கு வீரர். 2013 இறுதியில், 18 வயதை ஒட்டிய பருவத்தில், தசை வலிக்காகக் குத்திய ஊசி அவருடைய நுரையீரலைத் துளைத்தது. நுரையீரல் சுருங்கி மருத்துவமனையில் சேர்ந்தார். சோச்சி ஒலிம்பிக்குக்கு அப்போது சில வாரங்களே இருந்தன. தோள்மேட்டிலும் மார்புக்கூட்டின் மேலும் தசையின் கனம் சில சென்டிமீட்டர்தான். மெலிந்த பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு.

இத்தகைய ஊசியைப் பிசியோதெரபிஸ்டுகளும் இப்போது பயன்படுத்துகிறார்கள். 'டிரை நீட்லிங்' என்று பெயர். சீன மரபின் தடங்களை விட்டுவிட்டு, தசையில் இறுகிய முடிச்சுகளில் நேராகக் குத்துவது. ஜேனட் டிராவல், டேவிட் சைமன்ஸ் ஆகியோரின் தசைமுடிச்சுக் கோட்பாட்டிலிருந்து கிளைத்த முறை. கோட்பாடு வேறு. ஊசியும் நுரையீரலும் அவையேதான். பிசியோ குத்துகிறார் என்பதால் ஆபத்து குறைந்துவிடாது.

ஊக்கமருந்துத் தடையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஊசி குத்துவது தடைக்குள் வராது. டிரமடால் போன்ற வலிநீக்கி மாத்திரை 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டிருக்கும்போது, இது வீரர்களைக் கவரும் அம்சம். ஆனால் ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும் சீன மூலிகைப் பொடியில் மா ஹுவாங் இருந்தால் அதிலுள்ள எஃபிட்ரின் தடைப் பட்டியலில் இருக்கிறது. பெயர் தெரியாத பொடி எதையும் போட்டிக்குப் போகும் பிள்ளை சாப்பிடக்கூடாது.

பயிற்சியின் ஆபத்து வேறு வகை. அளவு தெரியாமல் கூட்டினால் காயம் பெருகும். அதைவிடப் பெரியது சலிப்பு. பதினைந்து நாள் செய்த பிள்ளை வலி நின்றதும் விட்டுவிடுகிறது. ஊசிக்கு அழைத்துப் போகப் பெற்றோருக்கு வாரம் இரண்டு மாலை போதும். பயிற்சிக்குத் தினமும் வீட்டில் கூட நிற்கவேண்டும். ஊசி பலருக்கும் பிடித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீர்ப்பு

வலியைத் தணிப்பதில் அக்குபங்சருக்குச் சிறிய, ஆனால் உண்மையான பயன் இருக்கிறது. நாள்பட்ட தோள், கழுத்து, முதுகு வலியால் தூக்கம் கெட்டு, பயிற்சியே செய்யமுடியாமல் தவிக்கும் பதினேழு பதினெட்டு வயது வீரருக்கு அது கைகொடுக்கலாம். வலிமாத்திரையைக் குறைக்கலாம். பயிற்சியைத் தொடங்கும் கதவைத் திறக்கலாம். ஆனால் நாரையும் நாணையும் வலுவாக்குவது, மழுங்கிய சமநிலையை மீட்பது, மறுபடி காயம் வராமல் காப்பது ஆகிய மூன்றிலும் பயிற்சிக்கு நிகரான சான்று ஊசிக்கு இல்லை. எனவே பயிற்சியே சிகிச்சை. ஊசி வேண்டுமானால் அதற்குத் துணை. பயிற்சியை விட்டுவிட்டு ஊசி என்பது எந்தக் காயத்துக்கும் பொருந்தாது.

துணையாக ஊசியைத் தேர்ந்தெடுப்பவர்கள் சிலவற்றை உறுதி செய்துகொள்ளவேண்டும். நோய் இன்னதென்று மருத்துவர் சொன்ன பிறகே போகவேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியை உங்கள் கண்முன் உறை பிரிக்கவேண்டும். மார்பு, தோள்மேடு, மேல்முதுகு ஆகிய இடங்களில் ஆழமாகக் குத்த விடக்கூடாது. பெற்றோரின் சம்மதம் போதாது, பிள்ளையும் மனதார ஒப்பவேண்டும். ஊசிக்குப் பயப்படும் பிள்ளையைப் பிடித்து வைத்துக் குத்துவது சிகிச்சை ஆகாது. எக்ஸ்ரே வேண்டாம், மற்ற மருத்துவத்தை நிறுத்து என்று சொல்பவரிடம் ஒரு நிமிடம்கூட உட்காரக்கூடாது. போட்டிக்கு முதல் நாள் வலியை மறைக்க ஊசி குத்திக் களத்தில் இறக்குவதைப் பயிற்சியாளர்கள் கைவிடவேண்டும். வலி பிள்ளையின் உடல் அனுப்பும் செய்தி. ஒரு கோப்பைக்காக அதை அடைப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

இரண்டு சிகிச்சையும் தேவைப்படாமல் செய்யும் வழி ஒன்றும் இருக்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது தம் விளையாட்டிலிருந்து விடுப்பும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. விடியற்காலை அகாடமி, மாலை பள்ளி அணி, ஞாயிறு போட்டி என்று ஓடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது கிடைக்கிறது?

பெற்றோரும் பயிற்சியாளர்களும் பிள்ளையிடம் கேட்கும் கேள்வியை மாற்றவேண்டும். "வலிக்கிறதா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை எத்தனை தடவை உயர்த்த முடிகிறது, கண்ணை மூடி எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, ஒற்றைக் காலில் குதித்தால் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பங்காவது எட்டும்வரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். ஊசி குத்தியிருந்தாலும் சரி, குத்தாவிட்டாலும் சரி, பிள்ளை களத்துக்குத் திரும்பத் தயாரா என்பதை இந்தச் சோதனையை வைத்தே முடிவு செய்யுங்கள்.